சிவப்புப் பேனாவை எடுக்கும் முன்: அடுத்தவர் தமிழைத் திருத்துகிறவர்களுக்கு

பிழை பார்த்துப் பிழைக்கிறவள் நான். இதழ்களுக்கு ப்ரூஃப், புத்தகங்களுக்கு மெய்ப்பு, ஆண்டறிக்கை, மலர், நன்றியுரை என்று எது வந்தாலும் ஒற்று போட்டும் எடுத்தும் காலம் ஓடுகிறது. ஆகவே பிழை திருத்தவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் என் வீட்டு அடுப்பு எரியாது.

ஆனால் நான் கூலிக்குச் செய்யும் இதே வேலையைக் கூலி வாங்காமல், யாரும் கேட்காமல், நாலு பேர் பார்க்கும்படி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். "ஒழுங்கா பேசக்கூடத் தெரியலையே" என்று ஆரம்பிப்பார்கள். அவர்களில் பலருக்கு இலக்கணத்தின் மேல் பெரிய பற்று ஒன்றும் இருக்காது. ஆகுபெயர் என்றால் என்னவென்று கேட்டால் முழிப்பார்கள். எதிரே இருப்பவர் எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்பதில்தான் அவர்கள் கண். சாதி என்ன, அப்பா என்ன வேலை பார்த்தார், எந்தப் பள்ளிக்கூடம் என்று நேராகக் கேட்க முடியாத இடங்களில் பேச்சைக் கேட்டே அதைக் கணக்குப் போட்டுவிடலாம். போட்ட கணக்குக்குப் 'பிழை' என்று பெயர் வைத்துவிட்டால் யாரும் குற்றம் சொல்லவும் முடியாது.

திருத்தும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், எது திருத்தம், எது அவமானம் என்று பிரித்துப் பார்க்க நான் கையாளும் சில வழிகளைச் சொல்கிறேன். கடைசியில், குட்டு வாங்குகிறவர்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது.

ஆளை மாற்றிப் பாருங்கள்

இதுதான் முதல் சோதனை. பிழை கண்ணில் பட்டதும், இதே வரியை உங்கள் மேலதிகாரி எழுதியிருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். அவரிடமும் இதே குரலில், இதே கூட்டத்தில் சொல்வீர்களா? மாட்டீர்கள் என்றால், நீங்கள் திருத்தப்போவது வரியை இல்லை.

ஒரு தேர்வுக் குழுவில் விண்ணப்பங்களின் மொழியைப் பார்க்க என்னை உட்கார வைத்திருந்தார்கள். ஒரு விண்ணப்பத்தில் "முயற்ச்சி" என்று இருந்தது. பக்கத்தில் இருந்த உறுப்பினர் அதைச் சுற்றி வட்டம் போட்டு, "இதுக்கே இப்படின்னா..." என்று இழுத்துக்கொண்டே தாளை அந்தப் பக்கத்துக் கட்டில் வைத்தார். நிராகரிப்புக் கட்டு. அதே மேசையில் அன்றைய கூட்டத்துக்கான சுற்றறிக்கையும் கிடந்தது. மேலிடத்துக் கையெழுத்து. அதில் "அறிவிப்பைச் சுவற்றில் ஒட்டவும்" என்று இருந்தது.

இரண்டும் ஒரே ரகப் பிழை. வளர்ச்சி, மகிழ்ச்சி எல்லாவற்றிலும் ச் வருகிறதே என்று 'முயற்சி'க்கும் ஒரு ச் போட்டுவிட்டார் விண்ணப்பித்தவர். ற் என்பது வல்லின மெய், அதை அடுத்து இன்னொரு மெய் நிற்காது. அது அவருக்கு யாரும் சொல்லித்தராத விதி. கிணறு கிணற்றில் ஆகிறது, ஆறு ஆற்றில் ஆகிறது என்பதைப் பார்த்து, 'சுவர்' என்பதையும் 'சுவற்றில்' ஆக்கிவிட்டார் மேலிடத்தார். அது று என்று முடியும் சொல்லே இல்லை, அதனால் சுவரில்தான். இரண்டு பேருமே தெரிந்த சொல்லைப் பார்த்துத் தெரியாத சொல்லைச் சமைத்திருக்கிறார்கள். சிறு பிள்ளைகள் மொழி பழகுவதும் இப்படித்தான்.

சுற்றறிக்கையை எடுத்து அந்த விண்ணப்பத்தின் மேலேயே வைத்தேன். உறுப்பினர் சிரித்துவிட்டு, "அது டைப் அடிச்சவன் தப்பு மேடம்" என்றார்.

அந்தப் பதிலைக் கவனியுங்கள், மேலே இருப்பவரின் பிழைக்குச் சொந்தக்காரன் வேறு ஒருவன். கைத்தவறு, அவசரம், கம்ப்யூட்டர், ஃபான்ட் என்று ஏதாவது ஒரு காரணம் ஓடி வரும். கீழே இருப்பவரின் பிழை மட்டும் அவர் வளர்ப்பு, அவர் படிப்பு, அவர் தெரு. திருத்தும்போது மனதில் எந்தக் காரணம் தானாக எழுகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

எல்லாப் பிழையும் ஏன் உறுத்துவதில்லை?

'தமிள்' என்று ஒருவர் சொன்னால் சபையில் ஒரு கமுக்கச் சிரிப்பு ஓடும். ழகரம் வராதவன் தமிழனா என்று மேடையிலேயே கேட்பவர்கள் உண்டு. சரி, ஒரு சோதனை. 'அரை' என்றும் 'அறை' என்றும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். கன்னியாகுமரிப் பக்கத்துக்காரராக இருந்தால் ஒருவேளை வித்தியாசம் காட்டுவீர்கள். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டும் ஒரே ஒலிதான். எழுத்தில் இருக்கும் ஒரு முழு மெய்யொலியை நாம் பேச்சில் தொலைத்துவிட்டோம். நகரத்தையும் னகரத்தையும்கூட இப்போது யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அதற்காக யாரும் யாரையும் பார்த்துச் சிரித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. காரணம் எளிது, சிரிக்கக்கூடியவர்களும் அதைத் தொலைத்தவர்கள்தான்.

ஆக, பிழை என்று நம் காதில் விழுவது பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள் செய்யாத பிழை. 'ஓர் ஆள்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஒரு ஆள்' என்று படித்தவர்கள் நாள் முழுக்க எழுதுகிறார்கள், அது அச்சிலும் வருகிறது. அதைப் பார்த்து எவர் முகமும் சுளிப்பதில்லை.

இதை நியூயார்க்கில் ஒருவர் அளந்தே காட்டினார். வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் 1962இல் மூன்று பெரிய கடைகளுக்குப் போனார். ஒன்று பணக்காரர்கள் வருவது, ஒன்று நடுத்தரம், ஒன்று மலிவு விலைக் கடை. நான்காம் மாடியில் இருக்கும் ஏதாவது ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று விற்பனையாளர்களிடம் கேட்பார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று பதில் வரும். காது கேட்காதது போல நடித்து இன்னொரு தடவை சொல்ல வைப்பார். அந்த இரண்டு சொல்லில் ர் ஒலிக்கிறதா என்பதுதான் அவர் கேள்வி. பணக்காரக் கடையில் 62 சதவீதம் பேர் எங்காவது ஓர் இடத்திலாவது ர் ஒலித்தார்கள். நடுத்தரக் கடையில் 51. மலிவுக் கடையில் சுமார் 20. அங்கே ர் சொல்வது மேல்தட்டின் அடையாளம். ஆனால் கடல் தாண்டி லண்டனுக்குப் போனால் மேல்தட்டு ஆங்கிலம் அதே ர்-ஐ விழுங்கிவிட்டுத்தான் பேசும். ஒரே ஒலி, ஓர் ஊரில் கௌரவம், இன்னோர் ஊரில் பட்டிக்காடு. ஒலியில் என்ன இருக்கிறது?

அதனால் உங்கள் காது உறுத்தும்போது, எந்தப் பிழை என்று பார்ப்பதோடு, யார் வாயில் வந்தால் உறுத்துகிறது என்றும் பாருங்கள்.

எப்போது திருத்தலாம்

கேட்டுத் தந்தால் திருத்துங்கள். அச்சுக்கோ கோப்புக்கோ போகப்போகிறது, எழுதியவர் பெயரில் நிற்கப்போகிறது என்றால், கேட்காவிட்டாலும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். மருந்தின் அளவு, பத்திரத்தில் எல்லை, ரசீதில் தொகை என்று பொருள் மாறி யாராவது பாதிக்கப்படும் இடம் என்றால் உடனே சொல்லிவிடுங்கள், அங்கே தயவுதாட்சண்யம் பார்க்க வேண்டாம். இவை தவிர மற்ற இடங்களில், முக்கியமாக ஒருவர் வாய் திறந்து பேசிக்கொண்டிருக்கும்போது, உங்கள் பேனாவுக்கு வேலையில்லை. அழுதுகொண்டே நடந்ததைச் சொல்லும் ஒருவரிடம் "நடந்துச்சு இல்லை, நடந்தது" என்று எடுத்துக்கொடுத்த புண்ணியவானை நான் பார்த்திருக்கிறேன்.

பிறந்தநாள் செய்தியில் 'வாழ்த்துக்கள்' என்று இருந்தால் விட்டுவிடுங்கள். க் வருமா வராதா என்று புலவர்களே இரண்டு கட்சியாக நிற்கும் வழக்கு அது.

எப்படித் திருத்துவது

முதல் வாசிப்பில் கை வைக்கக் கூடாது. கடைசி வரை படித்துவிட்டு, நிஜமாகவே புரியாமல் தடுக்கிய இடங்களை மட்டும் பென்சிலால் குறியுங்கள். பொருள் குழம்பும் இடம் முதலில். எழுதியவருக்கு நஷ்டம் வரக்கூடிய பிழைகள் அப்புறம். உங்கள் ரசனைக்குப் பிடிக்காதவை கடைசியில், முடிந்தால் அந்தக் கடைசி வேலையைச் செய்யாமலே எழுந்துவிடுங்கள்.

ஒரே பிழை பக்கத்துக்குப் பத்து தடவை வந்தால் பத்து வட்டம் போடாதீர்கள். ஒரு தடவை குறித்து ஓரத்தில் காரணத்தை எழுதுங்கள்: "வளர்ச்சிக்கு ச் உண்டு, முயற்சிக்கும் பயிற்சிக்கும் கிடையாது. ற் அடுத்து இன்னொரு மெய்யைச் சேர்க்காது." மீதியை அவரே கண்டுபிடித்துவிடுவார். பக்கம் முழுக்கச் சிவந்த தாளைத் திரும்ப வாங்கியவர் அடுத்த முறை எழுதித் தரமாட்டார். எழுதுவதை நிறுத்திவிட்டால் பிழையும் இருக்காதுதான், ஆனால் அவர் குரலும் இருக்காது.

சொல்லும் விதத்தையும் கவனியுங்கள். "தப்பு" என்பதைவிட "எழுத்தில் இப்படி வரும்" என்பது உண்மைக்கும் நெருக்கம். பேச்சில் அவர் சொல்வது பேச்சுத் தமிழின் விதிப்படி சரிதான். நீங்களும் வீட்டில் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று பேசுவதில்லை, 'வந்துக்கிட்டிருக்கேன்' என்றுதான் சொல்கிறீர்கள், அல்லது உங்கள் ஊர் வழக்கில் வேறு ஏதோ.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. பேட்டிகளில் ஒரு வேலை நடக்கிறது, வெளியே யாரும் பேசுவதில்லை. பேராசிரியர் ஒருவரிடம் பேட்டி எடுக்கிறோம். ஒலிப்பதிவில் அவரும் "அதாவது வந்துங்க... என்னன்னா..." என்றுதான் பேசியிருப்பார். அச்சில் வரும்போது அது "இதனைப் பல கோணங்களில் அணுக வேண்டியுள்ளது" ஆகிவிடும். அடுத்த பக்கத்தில் துப்புரவுப் பணியாளர் ஒருவரின் பேட்டி. அதை மட்டும் "எங்களுக்கு யாருங்க இருக்கா, எல்லாம் அந்த ஆண்டவன்தாங்க" என்று பேசினபடியே விடுவோம், கேட்டால் 'மண்வாசனை' என்போம். திருத்துவதைப் போலவே திருத்தாமல் விடுவதும் ஆளைப் பார்த்துத்தான் நடக்கிறது. இரண்டு பேரையும் எழுத்துத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள், அல்லது இரண்டு பேரையும் பேசவிடுங்கள். பேராசிரியர் கோபித்துக்கொண்டால், ஏன் கோபம் வருகிறது என்பதுதான் அந்த இதழின் நல்ல கட்டுரையாக இருக்கும்.

ஆள் எடுக்கும் மேசையில்

"கம்யூனிகேஷன் சரியில்லை." இந்தச் சாக்கு என்ற ஆசாமியை எத்தனை நேர்காணல்களில் பார்த்துவிட்டேன். அவன் வந்துவிட்டால் வேறு காரணம் தேவைப்படாது. அவனை நிறுத்த ஒரே வழி: விண்ணப்பங்களைப் பிரிப்பதற்கு முன்பே, இந்த வேலைக்கு எவ்வளவு மொழி தேவை என்று எழுதி வைத்துவிடுவது. கணக்கெழுதும் வேலையா, மெய்ப்புப் பார்க்கும் வேலையா? பின்னதென்றால் ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் குறையுங்கள், நானே குறைப்பேன். முன்னதென்றால் அது கணக்கில் வரக் கூடாது. நேர்காணலுக்குப் பிறகு யாராவது கம்யூனிகேஷன் என்று ஆரம்பித்தால், "அவர் சொன்னதில் எந்த வாக்கியம் உங்களுக்குப் புரியவில்லை?" என்று கேட்டுப் பதிலைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுத எதுவும் இருக்காது.

மொழித் தேர்வு என்பது வாசலை அடைக்கிற கதவாகவும் இருக்கலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் சட்டம் சரியான சாட்சி. வெள்ளையர் அல்லாதவர் உள்ளே வரக் கூடாது என்று வெளிப்படையாக எழுதுவதற்குப் பதில், 1901இல் ஒரு டிக்டேஷன் தேர்வு வைத்தார்கள். ஐரோப்பிய மொழி ஏதாவது ஒன்றில் அதிகாரி 50 சொற்கள் வாசிப்பார், வந்தவர் எழுத வேண்டும். எந்த மொழி என்று தீர்மானிப்பது அதிகாரி. ஆங்கிலம் தெரிந்தவருக்கு வேறொன்றை வைத்தால் முடிந்தது. 1934இல் எகான் கிஷ் என்ற செக்கோஸ்லோவாக்கியப் பத்திரிகையாளர் பாசிசத்துக்கு எதிராகப் பேச அங்கே போனபோது, பல மொழிகள் தெரிந்த அவரை எப்படி மடக்குவது என்று யோசித்து, ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். தோற்றார், தோற்கத்தானே தேர்வு. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழி என்ற வரையறைக்குள் ஸ்காட்டிஷ் கேலிக் வராது என்று நீதிபதிகள் சொல்ல, கிஷ் ஜெயித்தார். தேர்வு மட்டும் 1958 வரை இருந்தது.

நம் மேசையில் நடப்பது இவ்வளவு அப்பட்டமாக இருக்காது. ஆனால் யாருக்கு எந்தக் கேள்வி என்பதை இப்போதும் மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்தான் தீர்மானிக்கிறார்.

கற்றுக்கொடுக்கிறவர்கள்

இங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. "அவங்க பேச்சு அவங்களுக்கு, எதுக்குத் திருத்தணும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, சொந்தப் பிள்ளைக்கு மட்டும் இலக்கணத்துக்குத் தனி வாத்தியார் வைக்கிறவர்களை நான் நம்புவதில்லை. எழுத்துத் தமிழ் ஒரு சாவி. அதைக் கையில் தராமல் இருப்பதும் வெளியே நிறுத்துவதுதான்.

எப்படித் தருவது என்பதில் 1979இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரத்தில் வந்த ஒரு தீர்ப்பு உதவும். கறுப்பினக் குழந்தைகள் சிலர் வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். அவர்கள் வீட்டில் பேசும் ஆங்கிலத்துக்கு என்று தனி ஒழுங்கு இருக்கிறது, வாசிக்கச் சொல்லித்தரும்போது ஆசிரியர்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஆசிரியர்களுக்கு அதைப் பயிற்றுவிக்கும் திட்டம் ஒன்றைத் தயாரிக்கவும் உத்தரவிட்டது. குழந்தையைத் திருத்துவதற்கு முன் வாத்தியார் படிக்க வேண்டும் என்ற அளவில் எனக்கு அந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடிக்கும்.

வகுப்பில் செய்ய வேண்டியது கடினமில்லை. பிள்ளை "அவுக வந்தாக" என்றால் பலகையில் அதை எழுதுங்கள், பக்கத்தில் "அவர்கள் வந்தார்கள்" என்று எழுதுங்கள். எது எங்கே மாறுகிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முதல் வரியை அழிக்காதீர்கள். அது அந்தப் பிள்ளையின் பாட்டி பேசுவது.

குட்டு வாங்குகிறவர்களுக்கு

இலக்கணத்தின் பெயரைச் சொல்லி உங்களை அடக்கினால், இலக்கணத்தை அவர்கள் பக்கத்துச் சொத்து என்று நினைக்க வேண்டாம். தொல்காப்பியம் செய்யுளுக்குரிய சொற்களை நான்காக வகுக்கும்போது, இயற்சொல், திரிசொல், வடசொல் ஆகியவற்றோடு திசைச்சொல்லுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. வட்டார வழக்குக்குக் கவிதையிலேயே நாற்காலி உண்டு என்று பொருள். நன்னூல் இன்னும் ஒரு படி மேலே. மகிழ்ச்சியிலும் கோபத்திலும் மற்ற உணர்ச்சிகளிலும் பாலும் திணையும் மாறி வந்தாலும் "இழுக்கினும் இயல்பே" என்கிறது. மாட்டைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்று சொல்வதற்கு வழுவமைதி (வழு என்றால் பிழை; பிழையானாலும் ஏற்கப்படுவது) என்று பெயர் வைத்து அமைத்துக்கொண்ட மரபு நம்முடையது. குறைகூறுகிறவர்கள் பெரும்பாலும் வழு என்ற இடம் வரைதான் படித்திருப்பார்கள்.

ஆங்கிலத்துக்கும் இதே கதைதான். இரண்டு எதிர்மறையைச் சேர்த்துச் சொன்னால் படிக்காதவன் என்று முத்திரை குத்துகிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் அடுக்கடுக்காக எதிர்மறை போட்டு எழுதினார், யாரும் அவரை வெளியே அனுப்பவில்லை. இரண்டு எதிர்மறை சேர்ந்தால் கணக்கில் போல உடன்பாடு ஆகிவிடும் என்று அடித்துச் சொன்னவை 18ஆம் நூற்றாண்டு இலக்கணப் புத்தகங்கள். ஸ்பானிய மொழியில் இன்றைக்கும் பல இடங்களில் இரண்டு எதிர்மறை போட்டால்தான் வாக்கியமே சரி.

கூட்டத்தில் யாராவது குறுக்கே புகுந்து உங்கள் சொல்லைத் திருத்தினால், நின்றுவிடாதீர்கள். அவர்கள் கணக்கே நீங்கள் நின்றுவிடுவீர்கள் என்பதுதான். வாக்கியத்தை முடியுங்கள். முடித்த பிறகு, "நான் சொன்னதில் எது புரியவில்லை?" என்று சாதாரணக் குரலில் கேளுங்கள். எதிராளி உண்மையாகவே உதவ நினைத்தவர் என்றால் அங்கேயே தெரிந்துவிடும், அவர் கொஞ்சம் கூச்சப்பட்டுப் பொருளுக்கு வருவார். அவர் சொன்ன திருத்தம் சரிதானா என்பதை வீட்டுக்குப் போய் அகராதியில் பாருங்கள். சரியென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலை மறுக்கப்பட்டதற்கு மொழியைக் காரணம் சொன்னால், எந்தப் பிழை, அது வேலைக்கு எப்படித் தடை என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் பல காரணங்கள் காணாமல் போகும்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்றாம் மனிதருக்கும் வேலை உண்டு. சிரிப்பில் சேராமல் இருப்பது மட்டும் போதாது. பேச்சை, குட்டு வாங்கியவர் விட்ட இடத்துக்கே கொண்டுபோங்கள். "இருங்க, அண்ணன் ஏதோ தேதி சொன்னாரு. அந்த பில் பதினாலாம் தேதியா, பதினஞ்சா?"